கூடை எந்தப் பக்கம்

20-4-87, திங்கள்

இன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: என் மூத்த மகன் இன்னாசிராஜ். சின்ன மருமகள் ராஜமேரி. அவளுடைய அண்ணன் சவுரியப்பன். என் சின்ன மகன் ஞானராஜோடு கடத்தூர்ப் பள்ளியில் வேலை செய்யும் மாது வாத்தியார். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் - இவளை யாரும் கூப்பிடவில்லை, மோர் கேட்க வந்தவள் உட்கார்ந்துகொண்டாள். நான். கட்டிலில் ஞானராஜ்.

அவனையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு ஆறு பேர் என்று எண்ணிப் பேசினார்கள்.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட வேண்டும். நாளைக்கு "நான் அங்க இல்லியே" என்று வருவார்கள்.

சேலத்துக்கு அந்தப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு இல்லம் இருக்கிறதாம். எழுந்திருக்க முடியாதவர்களை வைத்துப் பார்ப்பார்களாம். சவுரியப்பன் போய்க் கேட்டுவிட்டே வந்திருக்கிறான். ஜூன் ஒன்றாம் தேதி ராஜமேரி டீச்சராக இருக்கும் நல்லம்பள்ளிப் பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குமேல் அவளுக்கு லீவு கிடையாது. அன்றைக்கே ஞானராஜைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார்கள்.

"அவுரு இல்லாத மாதிரிதாங்க. உசுரு மட்டும் கெடக்குது" என்றான் சவுரியப்பன். கட்டிலுக்கு மூன்று அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"அவன்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

தீர்த்தம்மாள் சொல்கிறாள்: "கட்டில்கிட்டக் கேட்டா கட்டிலு சொல்லுமா அக்கா?"

இன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா, அவனுக்குப் புரியுதுன்னு ஒருத்தராவது எனக்குக் காட்டுங்க. அப்புறம் அவன் என்ன சொல்றானோ அதுபடி செய்யறேன். அப்பா மேல சத்தியம்."

சத்தியம் செய்தபோது மணி பதினொன்றே கால். சாட்சி மேலே எழுதிய எல்லாரும்.

22-4-87, புதன்

இந்த டைரி ஞானராஜுக்குப் பள்ளியில் கொடுத்தது. ஜனவரி பதினெட்டு வரை அவன் எழுத்து. பத்தொன்பதாம் தேதி தொப்பூர் இறக்கத்தில் அவன் ஸ்கூட்டரை லாரி இடித்தது. அதற்குப் பிறகு பக்கங்கள் சும்மா கிடந்தன, நான் எடுத்துக்கொண்டேன். நான் சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை. தங்கை பிறந்தாள், தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் அப்பா நிறுத்திவிட்டார். அவர் செத்து நாற்பத்தொரு வருடம். இன்னும் மன்னிக்கவில்லை.

ஞானராஜுக்குப் பேச்சு இல்லை. கண் திறந்திருக்கிறது. சிமிட்டச் சொன்னால் சிமிட்டுகிறான்; சொல்லாவிட்டாலும் சிமிட்டுகிறான். அதனால் அது சாட்சி இல்லையாம். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அசைகின்றன. இறங்குவது சட்டென்று இறங்கும். மறுபடி எழுவதற்குத்தான் ரொம்ப நேரம். சேலத்து டாக்டர் நரம்புத் துடிப்பு என்றார்.

நரம்பாம். ரேடியோவில் சங்கீதம் போட்டால் விரல் இறங்குகிறது, நாடகம் போட்டால் சும்மா இருக்கிறது. எந்த நரம்புக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியும்?

இன்னாசியிடம் சொன்னேன். "உனக்கு வேணுங்கறது உனக்குத் தெரியுதும்மா" என்றான்.

26-4-87, ஞாயிறு

பூசைக்குப் போனேன். திரும்பி வர முக்கால் மணி நேரம். ஜனவரியிலிருந்து நான் போன இடம் கோயிலும் கிணறும்தான். இந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் தீர்த்தம்மாள் வீட்டுச் சுவரைப் பார்த்து. அவன் அந்தச் சுவரைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன்.

30-4-87, வியாழன்

மாது வாத்தியார் வந்தார். பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஞானராஜும் அவரும்தான் அதைப் பார்த்துக்கொண்டவர்கள். லீவு விட்டாயிற்று, தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து ஒரு மாதத்துக்கு இங்கே கொண்டுவருகிறேன் என்கிறார்.

"சாரும் நானும் பசங்களுக்குன்னு ஒரு வெளையாட்டுப் போட்டோமுங்க ஆயா. மேலருந்து மாம்பழம் வுழும். கீழ ஒரு கூடை. ரெண்டே ரெண்டு கீ. ஒண்ணு அமுக்குனா கூடை இடது பக்கம் போவும், இன்னொண்ணு வலது பக்கம். சாருக்கு ரெண்டு வெரலு இருக்குதுல்ல?"

இவருடைய தாத்தா 1952-இல் எங்கள் வயலுக்கு வரும் வாய்க்காலில் மண்ணைப் போட்டு அடைத்தவர். இருந்தாலும் காப்பி கொடுத்தேன்.

பழம் எங்கே விழும் என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாதாம். அப்படியானால் அவன் பிடித்தால், அது நான் நினைத்துக்கொண்டது என்று எவனும் சொல்ல முடியாது.

3-5-87, ஞாயிறு

மெஷின் வந்துவிட்டது. ஒரு டி.வி., பொத்தான் பொத்தானாக ஒரு பலகை, ஒரு டேப் ரிக்கார்டர். கேசட்டைப் போட்டால் ஆட்டை அறுப்பதுபோல் ஒரு கத்தல். அந்தக் கத்தலுக்குள்தான் விளையாட்டு இருக்கிறதாம். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து கத்தவிட வேண்டும்.

மாம்பழம் என்றார். பார்த்தால் வெறும் வட்டம். கூடை என்றது பாதி உடைந்த சட்டி மாதிரி ஒரு கோடு.

கீழ் வரிசையில் ஓரத்தில் ஒரு கோணல் எழுத்து, அது இடது. அதற்குப் பக்கத்தில் சிலுவையைச் சாய்த்து வைத்ததுபோல் ஒரு எழுத்து, அது வலது. பலகையை அவன் கைக்கு அடியில் சாய்த்து வைத்து, ஒரு விரலுக்கு ஒரு எழுத்தாகப் பொருத்தினோம்.

பழம் இடது பக்கம் விழ ஆரம்பித்தது. ஞானராஜின் விரல் கோணல் எழுத்தில் இறங்கியது. நான் பார்த்தேன்! கூடை இடது பக்கம் போனது. போனது, போனது, நிற்கவே இல்லை. சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்த பழம் வலது பக்கம். கூடை அசையவில்லை. மூன்றாவது பழம் விழும்போது, அவன் விரல் சும்மா இருக்கும்போது, கூடை தானாகக் கிளம்பி வலது பக்கம் ஓடியது.

தீர்த்தம்மாள் ஜன்னலில் நின்று: "கூடை ஊரச் சுத்துது, மாம்பழம் தரையில வுழுது. நல்ல வெவசாயம்."

5-5-87, செவ்வாய்

"சாருக்கு வேகம் பத்தலீங்க ஆயா. பழத்த மெதுவா வுழ வெக்கறேன்" என்று மாது வாத்தியார் எதையோ மாற்றினார். பழம் இப்போது இறகு மாதிரி இறங்குகிறது.

முன்னைவிட மோசம். கூடை விடாமல் எதிர்ப்பக்கம் போகிறது.

இன்னும் மெதுவாக்கினார். இன்னும் மோசம்.

10-5-87, ஞாயிறு

இன்று இருந்தவர்கள்: இன்னாசிராஜ், சவுரியப்பன், ராஜமேரி, மாது வாத்தியார், நான், ஞானராஜ். ஜன்னலில் தீர்த்தம்மாள்.

இன்னும் நாள் கழித்துக் காட்டலாம் என்று வாத்தியார் சொன்னார். நான்தான் அவசரப்பட்டு இன்னாசியை வரச் சொன்னேன். நாள் ஓடுகிறதே.

இருபது பழம். மூன்றைப் பிடித்தான்.

"அந்த மூணும் தானா வந்து வுழுந்தது" என்றான் சவுரியப்பன். ராஜமேரி "அண்ணா, சும்மா இரு" என்றாள்.

ஞானராஜ் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. தூசி என்று ராஜமேரி துடைத்துவிட்டாள்.

இன்னாசி எழுந்துவிட்டான். "சத்தியம் பண்ணேன். வந்தேன். பாத்தேன். என்னால இதுக்குமேல பாக்க முடியாதும்மா."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சவுரியப்பனிடம் வேன் யாரிடம் கேட்பது என்று பேசினான். எனக்குக் காது நல்லாக் கேக்கும்டா.

11-5-87, திங்கள்

காலையிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. நேற்று விழுந்த இருபது பழமும் அப்படியே கண்ணில் நிற்கிறது. யார் என்ன சொன்னார்கள், எந்த நாள், எந்தச் சேலை கட்டியிருந்தார்கள் என்று எனக்கு அடி மாறாமல் நினைவிருக்கும், எல்லாருக்கும் இது தெரியும், அதனால்தான் என்னிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். பழம் மட்டும் மறந்துவிடுமா? எழுதுகிறேன்.

முதல் பழம் இடது. விரல் இடது. கூடை இடது போய்ப் பிடித்தது. ஆனால் நிற்காமல் சுவர் வரை போனது.
இரண்டாவது வலது. விரல் வலது. கூடை சுவரிலேயே.
மூன்றாவது நடுவில். விரல் சும்மா. கூடை வலது போகிறது.
நாலாவது இடது. விரல் இடது. கூடை இன்னும் வலதுதான் போகிறது.
ஐந்தாவது வலது. விரல் வலது. கூடை இப்போது இடது.

இருபதும் எழுதிப் பார்த்துவிட்டேன், மீதியை இங்கே எழுத இடமில்லை.

விரல் ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணவில்லை. ஒரு தடவைகூட!

கூடையும் அவன் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் அப்போது சொன்னதை இப்போது செய்கிறது. நாலாவது பழத்தின்போது இரண்டாவது பழத்துக்குப் பதில் சொல்கிறது.

இந்தக் குணம் எனக்குத் தெரியாதா? 1969-இல் தீர்த்தம்மாள் என் மூக்குத்தியைப் பித்தளை என்றாள். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அவள் மகள் நிச்சயதார்த்தத்தில் பந்தியில் வைத்துப் பதில் சொன்னேன். அவளுக்கு எதற்கு என்றே புரியவில்லை. பைத்தியம் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

அந்த மெஷினும் எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்கள் என் பிள்ளையைப் பைத்தியம் என்கிறார்கள்.

13-5-87, புதன்

மாது வாத்தியார் இரண்டு நாளாக வரவில்லை. வெட்கம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். எழுதியதைக் காட்டினேன்.

முதலில் சிரித்தார். "இருபதுமா ஞாபகம் இருக்குது?" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"அட ஆமாங்க ஆயா. வரிசை!"

"என்ன வரிசை?"

"கீய அமுக்குனா அந்த எழுத்து போயி ஒரு வரிசையில நிக்குமுங்க, ரேசன் கடையில நிக்கற மாதிரி. அமுக்கிட்டு எடுக்காம இருந்தா அதே எழுத்து செகண்டுக்குப் பத்துப் பேரு கணக்கா வந்து நிக்கும். பசங்க டக்கு டக்குன்னு தட்டிட்டு எடுத்துருவானுங்க. சாருக்கு வெரலு எழ மூணு செகண்டு ஆவுது. முப்பது பேரு நின்னுருப்பாங்க. கூடை ஒவ்வொருத்தரா வுட்டுட்டு வருது."

"நீங்க பழத்த மெதுவாக்குனீங்களே?"

"பழம் ஒரு படி எறங்குனாத்தான் கூடை வரிசையில ஒருத்தர வுடுமுங்க. கடைக்காரன் மெதுவா அளந்தா வரிசை கொறையுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நானே கெடுத்துட்டேனுங்க."

"இதப் போட்டது யாரு? என் பையனா?"

கொஞ்சம் தயங்கினார். "மாம்பழம், கூடை, எல்லாம் சாரு போட்டதுங்க. கீ பாக்கற எடம் மட்டும் நான் போட்டது."

எனக்கு அது அப்பவே தெரியும்.

"வரிசையக் கலைச்சு வுடுங்க."

"வரிசையே வேணாமுங்க. ஒவ்வொரு கீக்கும் ஒரு நம்பரு இருக்குது. அந்த நம்பரச் சொல்லி, இந்த நிமிசம் நீ அமுங்கியிருக்கியா இல்லியான்னு நேராக் கேக்கலாம். அமுங்கியிருந்தா நவுரு, இல்லாட்டி நில்லு. முன்ன நடந்தது எதுவும் அதுக்குத் தெரிய வேண்டியதில்ல."

முன்னே நடந்தது எதுவும் தெரியாமல் ஒன்று வேலை செய்யும் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

14-5-87, வியாழன்

காலையில் மாற்றினார். பழம் ஒரு படி இறங்குவதற்குள் பத்துத் தடவை பொத்தானைக் கேட்கிறதாம். கேசட்டில் ஏற்றுவதற்குள் கரண்ட் போய், மறுபடி அடித்தார். பன்னிரண்டு மணிக்குத் தயார்.

பழம் வலது. விரல் இறங்கியது. கூடை போனது. விரல் எழுந்தது.

கூடை நின்றது.

அவன் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. நாலு மாதத்தில் முதல் சத்தம். ராஜமேரி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

இருபதுக்குப் பதினொன்று. விரல் எழ நேரமாவதால் கூடை கொஞ்சம் தாண்டிப் போய்விடுகிறது.

16-5-87, சனி

பதினான்கு. பழத்துக்கு முன்னாலேயே விரலை எடுக்க ஆரம்பிக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

19-5-87, செவ்வாய்

ராஜமேரி என் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டாள்.

குளிக்க வைக்கத் தூக்கும்போது. தலைப் பக்கம் அவள், கால் பக்கம் நான். அவள் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள், அவன் அவள் மேலேயே விழுந்தான். நான் காலை விடவில்லை. விடாமல் பிடித்ததில் எனக்கும் முதுகில் ஏதோ கத்திபோல் இழுத்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பேரும் தரையில் கிடந்தோம். தீர்த்தம்மாள் வந்து தூக்கிவிடும் வரை அப்படியே. அவன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் அவளால் நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எனக்கு அறுபத்தெட்டு, நான் நடக்கவில்லையா? ஐந்து நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று அவன் விளையாடவில்லை. விரலை வைத்தோம், இறக்கவில்லை.

21-5-87, வியாழன்

பதினேழு.

24-5-87, ஞாயிறு

இன்னாசியை வரவைக்க நான் அவன் வீட்டுக்கு ஆள்மேல் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. கூடவே சவுரியப்பன். ராஜமேரி, மாது வாத்தியார், நான், ஞானராஜ். தீர்த்தம்மாளை இன்று நானே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். வெளியே போய்ச் சொல்ல ஆள் வேண்டுமே.

இருபதுக்குப் பதினெட்டு.

சவுரியப்பன், "கேசட்டுல முன்னாடியே பதிஞ்சு வெச்சு ஓட்டறீங்களா வாத்தியாரே?" என்றான்.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களே கேளுங்க. என்ன வேணுமோ கேளுங்க."

சவுரியப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் போனான். ஜனவரிக்குப் பிறகு அவன் என் பிள்ளையிடம் பேசியது இதுதான் முதல் தடவை. "மாப்ள, அடுத்த பழத்தப் புடிக்காதீங்க. அதுக்கு அடுத்ததப் புடிங்க."

பழம் வந்தது, இடது பக்கம். கூடை வலது ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டது. பழம் விழுந்தது. அடுத்தது நடுவில். கூடை வந்து பிடித்தது.

சவுரியப்பன் வெளியே போய்க் குழாயடியில் நின்றான். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை. இன்னாசி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எல்லாத்தயும் கேட்டுக்கிட்டாடா இருந்த? நாலு மாசமா எல்லாத்தயும் கேட்டுக்கிட்டா இருந்த?"

தீர்த்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னிக்குக் கட்டில்னு சொன்னது சும்மா ஒரு பேச்சுக்குடா கண்ணு" என்றாள், அவனைப் பார்த்து.

இன்று இரவுச் சோறு எனக்கு இறங்கியது.

27-5-87, புதன்

மாது வாத்தியார் புதிதாக ஒன்று போட்டுவந்தார். பழம் இல்லை, கூடை இல்லை. திரையில் இடது பக்கம் 'ஆமா', வலது பக்கம் 'இல்லை' என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார். கேள்வியை நாம் வாயால் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் அமுக்குகிறானோ அந்தப் பக்கம் வெள்ளையாகும்.

உங்க பேரு கஸ்பாரா? இல்லை. கஸ்பார் உங்க அப்பா பேரா? ஆமா. வலிக்குதா? ஆமா. காலா? இல்லை. முதுகா? ஆமா. படுக்கை மடிப்பு அழுத்துகிறது. நாலு மாதமாக!

நான் கேட்டேன்: "கேப்பங்கஞ்சி நல்லா இருக்குதா கண்ணு?" இல்லை.

தினம் இரண்டு வேளை வடிகட்டி ஊட்டினேன்.

மத்தியானம் ராஜமேரி கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் அரைமணி நேரம் ஏதோ கேட்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "என்ன கேட்ட?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க அத்தை." புருஷன் பெண்டாட்டி பேச்சு, விட்டுவிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

31-5-87, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

எல்லாரும் இருந்தார்கள். இன்னாசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டான். சத்தியம் செய்தபடி நேராகத்தான் கேட்டான். "தம்பி, நீ எங்க இருக்கணுமோ அங்க இருக்கலாம். எவனும் உன்ன அனுப்ப மாட்டான். உன் வாயால கேக்கத்தான் வந்தேன். சிஸ்டருங்க இல்லத்துக்குப் போறியா?"

நான் சாய்ந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோணல் எழுத்து இறங்கியது. இடது பக்கம் வெள்ளையானது. ஆமா.

"மெஷினு பழசுக்குப் பதில் சொல்லுது" என்றேன். "அது மறுபடி வரிசை கட்டுது. வலிக்குதான்னு கேட்டோமில்ல, அதுக்குச் சொல்லுது. கலைச்சு வுடுங்க வாத்தியாரே."

"இதுல வரிசை இல்லீங்க ஆயா."

"கலைச்சு வுடுங்கன்னு சொல்றேன்!"

அவர் மெஷினை அணைத்தார். கேசட்டை முதலிலிருந்து ஓட்டினார். அது கத்தி முடிந்ததும் நான் அட்டைகளைப் பக்கம் மாற்றி ஒட்டச் சொன்னேன். ஆமா வலது பக்கம், இல்லை இடது பக்கம். கேள்வியையும் மாற்றி நானே கேட்டேன்.

"இந்த வூட்டுலயே இருக்கறியா கண்ணு?"

கோணல் எழுத்து. இல்லை.

"அம்மாவ வுட்டுட்டுப் போறியா?"

சிலுவை. ஆமா. விரல் இறங்கிய வேகத்தில் எழுந்தது. நாலு மாதமாக இல்லாத வேகம். தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எடுத்தானா? அவ்வளவு சுத்தமாக.

ராஜமேரி என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போகச் சொல்லலீங்க அத்தை. அன்னிக்குக் கதவச் சாத்திக்கிட்டுப் போவாதீங்கன்னுதான் கேட்டேன். எத்தன வெதமா மாத்திக் கேட்டேன் தெரியுமா? என் இடுப்புக்காவ போறீங்களான்னு கேட்டேன், ஆமான்னாரு. நீங்க உக்காந்து உக்காந்து நடக்கறதப் பாத்துட்டு, அம்மா முதுகுக்காவயும் போறீங்களான்னு கேட்டேன், அதுக்கும் ஆமான்னாரு."

அவனுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லையே. டைரியிலதானே எழுதுனேன்.

தரையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டே இருந்தான்.

1-6-87, திங்கள்

காலை ஒன்பதரைக்கு வேன். நாலு ஆண்கள் தூக்கினார்கள், பூ மாதிரி. மாது வாத்தியார் ஒரு சின்ன மரப்பெட்டி செய்து கொடுத்திருக்கிறார்: இரண்டு பொத்தான், இரண்டு பல்பு, பேட்டரி. பச்சை ஆமா, சிவப்பு இல்லை. அங்கே இருக்கும் சிஸ்டருக்குக் காட்டிக்கொடுக்க அவரும் வேனில் ஏறினார். கம்ப்யூட்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

நான் வேனுக்குப் பக்கத்தில் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றேன்.

3-6-87, புதன்

கட்டிலை எடுத்து நிறுத்திவிட்டார்கள். அறை பெரிதாக இருக்கிறது.

7-6-87, ஞாயிறு

நேற்று இன்னாசியும் ராஜமேரியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள், வரவில்லை என்றுவிட்டேன். படுக்கை மாற்றிப் போட்டிருக்கிறார்களாம், மடிப்பு அழுத்தவில்லையாம். பக்கத்துக் கட்டிலில் பென்னாகரத்து ஆள் ஒருவர், அவருக்குப் பேச்சு மட்டும் இருக்கிறதாம், இவன் பச்சை சிவப்பு போட அந்த ஆள் நாளெல்லாம் பேசுகிறாராம். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று ராஜமேரி கேட்டாளாம். பச்சை.

ராஜமேரிக்கு இடுப்புக்காக டாக்டர் சீட்டு காட்டி ஒரு வாரம் லீவு கிடைத்தது, நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். இடுப்பில் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள். நான் மூன்று நாளாகச் சாய்ந்து உட்காராமல் இட்லி ஊற்றுகிறேன். முதுகு வலி விட்டுவிட்டது. விட்டதே என்று எனக்குக் கோபம் வருகிறது.

இன்று பூசையில் சாமியார், உங்களுக்குத் தீமை செய்தவர்களை மன்னித்துவிடுங்கள் என்றார். உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். வாய்க்காலை அடைத்த மாதுவின் தாத்தா: மன்னித்துவிட்டேன், பேரன் நல்லவன். தீர்த்தம்மாள்: மூக்குத்தி போகட்டும். சவுரியப்பன்: குழாயடியில் நின்றானே, அது போதும். இன்னாசி சத்தியத்தைக் காப்பாற்றினான். ராஜமேரியிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. என் அப்பாவையும், சரி, நாலாவது வரையாவது அனுப்பினாரே.

வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். கேப்பங்கஞ்சி கொண்டுபோகப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே சொல்லிவிடுவேன், அவன் பச்சை போட்டாலும் சரி, சிவப்பு போட்டாலும் சரி. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் முதுகைப் பார்த்து அவனாக ஒரு முடிவு எடுத்தானே. அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெயரையும் எழுதி வைக்கிறேன்.

கஸ்பார் மகன் ஞானராஜ்.